சேற்று ஓட்டத்துக்கு முன்னால் மாத்திரை போடலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. குழந்தைகளின் புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்டும் ஒரு சேற்று ஓட்டத்துக்கு அலுவலகத் தோழிகள் ஆறு பேரும் பெயர் கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதம், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு பண்ணை நிலத்தில் நடக்கிறது. சேற்றுக் குழியில் தவழணும், கயிறு பிடித்துச் சுவர் ஏறணும், இடுப்பளவு தண்ணீரில் நடக்கணும். எனக்குக் கால்விரல் இடுக்கில் அடிக்கடி சேற்றுப்புண் வரும். எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர், "எலிக்காய்ச்சல் வந்துடும்மா, முதல் நாளே டாக்ஸி மாத்திரை போடுங்க, ஒரு டி.டி. ஊசியும் போட்டுக்குங்க" என்கிறார். போடலாமா? எங்களில் ஒருத்திக்குச் சர்க்கரை இருக்கிறது. ஓடிவிட்டு வந்து அந்தத் துணியைக் கைக்குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைக்கலாமா? (வாசகி, சென்னை)

பதில்: கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை வேண்டாம். ஊசியும் அநேகமாக உங்களுக்குத் தேவைப்படாது. சேற்றுப்புண் ஆறாமல் மட்டும் குழியில் இறங்கிவிடாதீர்கள். சர்க்கரை உள்ள தோழியைப் பற்றி ஒரே வரியில்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் எலிக்காய்ச்சல். எலி, மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரில் இந்தக் கிருமி வெளியேறும். ஈரமான மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நம் தோலில் வெடிப்போ சிராய்ப்போ இருந்தால் அதன் வழியாகவும், கண், மூக்கு, வாய் வழியாகவும் உள்ளே போகும். உங்கள் சேற்றுப்புண் என்பது அதற்குத் திறந்து வைத்த கதவு. தஞ்சாவூர்ப் பக்கம் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த காலத்தில், நடவு நடும் பெண்களின் கால்விரல் இடுக்குகளைப் பார்க்காமல் நான் காய்ச்சல் சீட்டு எழுதியதில்லை. நாள் முழுக்க நாற்றங்கால் தண்ணீரில் நின்று, வெள்ளையாக ஊறிப்போன விரல்களோடு வருவார்கள். அவர்களுக்கு முன்னெச்சரிக்கை மாத்திரை தந்தவர் யாரும் இல்லை.

பந்தயத்தில் ஓடியவர்களுக்கு இந்த நோய் வருமா? வரும், வந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு மலேசியாவின் சபா மாநிலத்தில் காடு, ஆறு என்று பல நாள் நடந்த ஒரு சாகசப் பந்தயத்தில் 304 பேர் கலந்துகொண்டார்கள். பிறகு விசாரிக்க முடிந்த 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலுக்கான அறிகுறிகள் இருந்தன. ஆற்றில் நீந்தியவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அது பல நாள், காட்டாற்று நீர். உங்களுடையது ஒரு காலைப் பொழுது. ஆகவே பயப்பட வேண்டியதில்லை, ஆனால் சில கேள்விகள் கேட்க வேண்டும். குழிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஆழ்துளைக் கிணறா, லாரியா, பக்கத்துக் குட்டையா? குழி எத்தனை நாளுக்கு முன் வெட்டியது? அந்த நிலத்தில் மாடு மேய்கிறதா? இந்த மூன்றையும் நடத்துபவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். வாரக்கணக்கில் தேங்கிய குட்டை நீர் என்றாலோ, அதற்கு முந்தைய வாரம் வெள்ளம் வந்த இடம் என்றாலோ அந்தக் குழியைச் சுற்றிக்கொண்டு போய்விடுங்கள். நீச்சல்குளம் என்றால் குளோரின் உண்டா என்று கேட்கிறோம். ஆயிரம் பேர் புரளும் சேற்றுக் குழியைச் சோதித்துப் பார்க்கச் சொல்லி இதுவரை எந்த அதிகாரியும் வந்து நான் பார்த்ததில்லை. ஒலிபெருக்கிக்கும் வாகன நிறுத்தத்துக்கும் அனுமதி கேட்கிற ஊரில் தண்ணீருக்குக் கேட்க ஆளில்லை என்பது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம்.

மாத்திரைக்கு வருகிறேன். டாக்ஸிசைக்ளின் எலிக்காய்ச்சலைத் தடுக்கப் பயன்படும் மருந்துதான், அதில் பொய் இல்லை. 2018 கேரள வெள்ளத்தின்போது மீட்புப் பணியில் தண்ணீரில் இறங்கியவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் என்று அரசே கொடுத்தது. அங்கே நாள்தோறும் வெள்ளத்தில் நின்றார்கள், காரணம் இருந்தது. உங்களுக்கு அந்தக் காரணம் இல்லை. அதைவிட எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். கைக்குழந்தை இருக்கிறது என்கிறீர்கள். பால் கொடுக்கிறீர்களா என்று அந்தக் கடைக்காரர் கேட்டாரா? பால் கொடுக்கும் தாய்க்கு இந்த மருந்தை மருத்துவரே யோசித்துத்தான் எழுதுவார். இதைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றால் சிலருக்குத் தோல் வெந்ததுபோல் சிவந்துவிடும் என்று சொன்னாரா? நீங்கள் ஓடப்போவதே வெயிலில். ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும் என்றாவது சொன்னாரா? மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து இது. சட்டம் தெளிவாக இருக்கிறது. கடையில் அதைப் பார்ப்பார் இல்லை. ஓட்டம், யாத்திரை, சுற்றுலா என்று எதற்குப் போனாலும் 'ஒரு கோர்ஸ் போட்டுட்டுப் போங்க' என்று கையில் திணிப்பது இந்த ஊரில் வழக்கமாகிவிட்டது. குழிநீர் சந்தேகமானது, ஆனால் தவிர்க்கவும் முடியாது என்ற நிலை வந்தால் உங்கள் மருத்துவரிடம் போங்கள். கொடுப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும்.

மாத்திரையைவிட உங்களைக் காப்பாற்றப்போவது ஒரு வாக்கியம்: "நான் இன்ன தேதியில் சேற்றில் ஓடினேன்." எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போய் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலாக வெளிப்படும். சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகும். அதற்குள் ஓட்டம் உங்களுக்கு மறந்துபோயிருக்கும். குளிர் காய்ச்சல், கடும் தலைவலி, கண் சிவப்பு, தொட்டாலே துள்ளவைக்கும் கெண்டைக்கால் வலி என்று வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் அந்த வாக்கியத்தை நீங்களே சொல்ல வேண்டும். நாட்காட்டியில் ஓடிய தேதியைக் குறித்து, அதிலிருந்து முப்பதாவது நாளையும் குறித்துவையுங்கள். ஆறு பேரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில்தானே இருப்பீர்கள்? ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அதில் மற்றவர்களுக்கும் தெரியப்படுத்துங்கள். ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கு வந்தால் அது தற்செயல் இல்லை.

இங்கேதான் அடுத்த பொறி. காய்ச்சல் வந்ததும் பலர் மருத்துவரிடம் போகாமல் நேரே பரிசோதனை நிலையத்துக்குப் போகிறார்கள். அங்கே 'காய்ச்சல் பேக்கேஜ்' என்று டெங்கு, டைபாய்டு, மலேரியா, எலிக்காய்ச்சல் எல்லாவற்றையும் கட்டி ஒரு விலைக்கு விற்கிறார்கள். எலிக்காய்ச்சலுக்கு அவர்கள் செய்வது பெரும்பாலும் எதிர்ப்பணு சோதனை, அதாவது கிருமியை எதிர்க்க நம் உடம்பு உண்டாக்கும் பொருளைத் தேடுவது. அந்த எதிர்ப்பணு ரத்தத்தில் தெரிவதற்குக் காய்ச்சல் தொடங்கி ஐந்து முதல் ஏழு நாளாவது ஆக வேண்டும். இரண்டாம் நாள் எடுத்தால் 'இல்லை' என்றுதான் வரும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு 'எலிக்காய்ச்சல் இல்லையாம்' என்று வீட்டில் படுத்திருந்து, ஆறாம் நாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சோதனை முடிவுக்குக் காத்திராமல் சந்தேகத்தின் பேரிலேயே சிகிச்சையைத் தொடங்க வேண்டிய நோய் இது. தொடக்கத்தில் கொடுத்தால் விலை குறைந்த, பழைய மருந்துகளுக்கே கட்டுப்படும். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும்.

ஊசி. நீங்கள் டி.டி. என்று சொல்வது ரணஜன்னித் தடுப்பூசி. இப்போது அதைத் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து ஒரே ஊசியாகப் போடுகிறார்கள். கைக்குழந்தை இருப்பதால் கர்ப்ப காலத்தில் கட்டாயம் போட்டிருப்பார்கள், தாய்-சேய் அட்டையைப் பாருங்கள். சிறுவயதில் முறையாகப் போட்டவருக்குப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை போதும். மண் புகுந்த ஆழமான காயம் பட்டு, கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் அப்போது ஒன்று. ஒவ்வொரு சிராய்ப்புக்கும் ஓடிப்போய்ப் போட்டுக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம், மருத்துவம் அல்ல. பள்ளியை விட்டபின் ஒன்றுகூடப் போடாத ஆண்கள்தான் உண்மையில் போட வேண்டியவர்கள். அவர்கள் யாரும் கேட்பதில்லை.

இனி உங்கள் தோழி. சர்க்கரை உள்ளவர் சேற்றில் இறங்குவது நீங்கள் இறங்குவது போன்றதல்ல. மண்ணில் வாழும் இன்னொரு கிருமி இருக்கிறது. அது தரும் நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர். மழைக்காலத்து ஈர மண்ணில் அதிகம். தாய்லாந்திலும் வட ஆஸ்திரேலியாவிலும் நன்றாக அறியப்பட்டது. தமிழ்நாட்டிலும் கர்நாடகக் கடற்கரையிலும் இருக்கிறது. ஆரோக்கியமானவரை அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. தேடிப்போய்ப் பிடிப்பது சர்க்கரை நோயாளியைத்தான். நிமோனியாவாக வரும், கல்லீரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டியாக வரும், மாதக்கணக்கில் இழுத்துக் காசநோய் போலவும் நடிக்கும். காசநோய் என்றே நினைத்து மருந்து கொடுத்து, குணமாகாமல் கடைசியில் சீழைக் கல்ச்சர் செய்தபோது (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) இது தெரியவந்த ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். அவர் வயலுக்குப் போகிற சர்க்கரை நோயாளி. யாரும் அவரிடம் மண்ணைப் பற்றிக் கேட்கவே இல்லை, முதலில் நானும் கேட்கவில்லை. வழக்கமாகக் கொடுக்கும் பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு இது அசையாது. குறைந்தது பத்து முதல் பதினான்கு நாள் ரத்த நாளம் வழியாக மருந்து, அதன்பின் மூன்று மாதம் மாத்திரை.

போதாததற்கு, நீண்ட நாள் சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். முள் ஏறினாலும், ஷூவுக்குள் கல் அறுத்தாலும் தெரியாது. மாலையில் காலைக் கழுவும்போதுதான் ரத்தம் பார்ப்பார். ஆகவே என் வரம்பு இதுதான். மூன்று மாதச் சராசரி சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி, 7க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறது என்று மருத்துவர் தொட்டுச் சோதித்துச் சொல்லியிருக்க வேண்டும். உடம்பில் எங்கும் ஆறாத புண் இருக்கக் கூடாது. சிறுநீரகத்தில் பிரச்சினை இருக்கக் கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தால், மூடிய ஷூவோடு, சேற்றுக் குழியை விட்டுவிட்டு, சுவரும் கயிறும் மட்டும் செய்யலாம். இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர் என்றால் சட்டைப்பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்று உங்கள் ஐந்து பேருக்கும் தெரிந்திருக்கட்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அவர் ஓட வேண்டாம். தண்ணீர் கொடுக்கும் இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். அவர் கொடுத்த நன்கொடை அந்தக் குழந்தைகளுக்குப் போய்ச்சேரத்தான் போகிறது, அதற்குச் சேறு பூசிக்கொள்ளத் தேவையில்லை. 'எல்லாரும் வர்றோம், நீ மட்டும் என்ன' என்று யாரும் அவரை இழுக்காதீர்கள். ஓடிய பின் ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், 'சர்க்கரை இருக்கிறது, மண்ணில் இருந்தேன்' என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லி, ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்பதில் தவறே இல்லை.

உடல்தகுதிச் சான்றிதழ் கேட்டிருப்பார்கள். அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. போன வருடம் இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு இளைஞர் என் கிளினிக்குக்குப் பதினொரு படிவங்களோடு வந்தார். பதினொரு பேரில் ஒருவர்கூட அவரோடு இல்லை. 'கையெழுத்து மட்டும் போதும் சார், ஆளுக்கு இருநூறு' என்றார். மறுத்தேன். மறுநாள் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டதாக அவரே தொலைபேசியில் சொன்னார். அந்தப் பதினொரு பேரில் ரத்த அழுத்தம் யாருக்கு, மூச்சிரைப்பு யாருக்கு என்று யாருக்குத் தெரியும்? மொத்தமாகச் சான்றிதழ் வாங்கித் தரும் தரகர்கள் இப்போது இணையத்திலும் இருக்கிறார்கள். உங்கள் அலுவலகத்தில் யாராவது 'ஆறு பேருக்கும் சேர்த்து நான் வாங்கிடறேன்' என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆறு பேரும் நேரில் போய், ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரையைச் சொல்லி வாங்குங்கள். பிரசவமாகி எத்தனை மாதம் என்பதையும், அறுவைச் சிகிச்சையா என்பதையும் நீங்கள் சொல்ல வேண்டும். சுவர் ஏறுவதற்கு அது முக்கியம்.

மற்றவை சுருக்கமாக. சேற்றுத் தண்ணீரை ஒரு வாய்கூட விழுங்காதீர்கள். 2012இல் அமெரிக்காவின் நெவாடாவில் கால்நடைப் பண்ணையில் நடந்த இப்படியொரு ஓட்டத்தில், சேற்று நீர் வாய்க்குள் போனவர்களுக்குத்தான் வயிற்றுப்போக்கு அதிகம் வந்தது. காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். ஆழம் தெரியாத தண்ணீரில் தலைகீழாகக் குதிக்காதீர்கள், கழுத்தெலும்பு முறிந்தால் நான் மேலே சொன்ன எந்த நோயும் அதன் பக்கத்தில் நிற்காது. இன்றிலிருந்தே விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, தோல் மருத்துவர் எழுதும் பூஞ்சைக் களிம்பைத் தடவுங்கள். மூன்று, நான்கு வாரம் இருக்கிறது, ஆறிவிடும். முந்தைய இரவு காலில் மழிப்பான் வைக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். ஓடி முடித்ததும் புகைப்படம் ஒன்று போதும், சேறு காயக் காய நின்றுகொண்டிருக்காமல் சுத்தமான குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் குளியுங்கள்.

துணி: எலிக்காய்ச்சல் உங்களிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் என்று கவலைப்பட வேண்டாம், மனிதரிடமிருந்து மனிதருக்கு அது பரவுவது மிக மிக அரிது. சேற்றுத் துணியை அங்கேயே ஒருமுறை அலசி, தனிப்பையில் கட்டிக் கொண்டுவந்து, தனியாகத் துவைத்து, நல்ல வெயிலில் மொரமொரப்பாகக் காயவிடுங்கள். காய்ந்தால் அந்தக் கிருமி செத்துவிடும். ஷூவின் உள்பட்டையைக் கழற்றித் தனியாகக் காயவையுங்கள், அது காய இரண்டு நாள் ஆகும்.