மேக் மினியும் வேறு நிறுவன மவுஸும்: புது மவுஸ் வாங்குவதற்கு முன்

கேள்வி: வீட்டுக்குப் புதிய மேக் மினி வாங்கியிருக்கிறோம். பழைய விண்டோஸ் கணினியில் ஓடிக்கொண்டிருந்த வயர்லெஸ் மவுஸையே இதிலும் மாட்டினேன். சக்கரத்தை உருட்டினால் பக்கம் எதிர்த்திசையில் போகிறது. அம்புக்குறி ஒரு சமயம் ஊர்கிறது, ஒரு சமயம் பாய்கிறது. பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை. நடுநடுவே அரை நொடி அப்படியே நின்றும் விடுகிறது. "மேக்குக்கு ஆப்பிள் மவுஸ்தான் சரிப்படும்" என்கிறார் கடைக்காரர். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். இந்த நான்கு புகார்களுக்காக நிச்சயம் வேண்டாம்.

2005 ஜனவரியில் முதல் மேக் மினியை அறிமுகப்படுத்தியபோது, திரை, கீபோர்டு, மவுஸ் மூன்றையும் வாங்குபவரே கொண்டுவர வேண்டும் என்று சொல்லித்தான் ஸ்டீவ் ஜாப்ஸ் அதை விற்றார். இன்றும் அந்தப் பெட்டிக்குள் மவுஸ் கிடையாது. அப்படியிருக்க, வேறு மவுஸ் சரிப்படாது என்பது கடைக்காரர் போடும் கணக்கு. எந்த நிறுவனத்தின் யுஎஸ்பி மவுஸாக இருந்தாலும் ஹெச்ஐடி என்ற பொது விதிமுறைப்படிதான் செய்தி அனுப்புகிறது: இத்தனை தூரம் நகர்ந்தேன், இந்தப் பொத்தானை அழுத்தினார்கள், சக்கரம் இவ்வளவு உருண்டது. இதைப் புரிந்துகொள்ள மேக்குக்குத் தனி டிரைவர் மென்பொருள் தேவையில்லை. செய்தி ஒன்றுதான், அதை வைத்துத் திரையில் என்ன செய்வது என்பதில்தான் விண்டோஸும் மேக்கும் வேறுபடுகின்றன.

சக்கரத்தை முதலில் முடித்துவிடலாம். சிஸ்டம் செட்டிங்ஸில் 'மவுஸ்' பகுதிக்குப் போய் 'நேச்சுரல் ஸ்க்ரோலிங்' என்பதை அணைத்துவிடுங்கள், தீர்ந்தது. 2011இல் வந்த லயன் என்ற மேக் இயங்குதளப் பதிப்பிலிருந்து ஆப்பிள் இதை இயல்பாகவே இயக்கி வைத்திருக்கிறது. தொடுதிரையில் தாளை விரலால் தள்ளுவதுபோல மவுஸ் சக்கரமும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். சக்கரத்தைத் தொட்டுப் பழகிய எந்த விரலுக்கும் அது இயல்பாக இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பின்னாளில் டிராக்பேட் ஒன்றையும் சேர்த்து வைத்தால், இந்த ஒரே அமைப்பு இரண்டையும் ஆளும். மவுஸில் மாற்றினால் டிராக்பேடிலும் மாறிவிடும்.

அம்புக்குறி ஊர்வதும் பாய்வதும் கோளாறு அல்ல. கை மெதுவாகப் போனால் அம்பைக் குறைவாகவும், வேகமாகப் போனால் பல மடங்காகவும் நகர்த்துவது மேக்கின் வழக்கம். விண்டோஸிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. ஆனால் வேகம் கூடும் விதம் வேறு என்பதால், பழகிய கைக்கு இது வழுக்குகிறது. அதே மவுஸ் பகுதியில் 'அட்வான்ஸ்டு' பொத்தானைத் தட்டினால், சமீபத்திய பதிப்புகளில் 'பாயிண்டர் ஆக்சிலரேஷன்' என்று ஒன்று இருக்கும். அதை அணைத்துவிட்டு, 'டிராக்கிங் ஸ்பீடு' கோட்டை உங்கள் கைக்குத் தக்கபடி நகர்த்திக்கொள்ளுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் டிபிஐ (மவுஸின் உணர்திறன்) மாற்றும் சிறிய பொத்தான் இருக்கும் மவுஸ் என்றால் முதலில் அதை ஒரு நிலையில் நிறுத்திவிட்டு, பிறகு கோட்டுக்கு வாருங்கள். இரண்டையும் மாற்றி மாற்றித் திருகினால் எது எதைச் செய்தது என்றே தெரியாமல் போய்விடும்.

அரை நொடி நிற்கும் விஷயத்துக்கு வருவோம். கடைக்காரர் சொல்லை நம்பிப் பணத்தைச் செலவழிக்க வைப்பது இதுதான். 2024இல் வந்த மேக் மினியில் பழைய செவ்வக வடிவ யுஎஸ்பி துளையே இல்லை. முன்னால் இரண்டு, பின்னால் மூன்று என ஐந்தும் டைப்-சி. உங்கள் மவுஸின் ரிசீவரோ (கணினியில் செருகும் சிறு துண்டு) பழைய வகையாகத்தான் இருக்கும். ஆகவே பல துளைகள் கொண்ட ஏதாவது ஒரு ஹப்பில் செருகியிருப்பீர்கள். அதே ஹப்பில் பக்கத்துத் துளையில் வெளி ஹார்டு டிஸ்க்கோ பென்டிரைவோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குற்றவாளி அதுதான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். யுஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு ஓடும்போது கேபிளிலிருந்தும் இணைப்புமுனையிலிருந்தும் கசியும் இரைச்சல், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவுகிறது. வயர்லெஸ் மவுஸ்கள் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் நிறுவனமே 2012இல் இதைச் சோதித்து அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது.

சோதித்துப் பார்ப்பது எளிது. பெரிய கோப்பு ஒன்றை ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுக்க விட்டு, மவுஸை வட்டமாகச் சுற்றுங்கள். நகலெடுக்கும்போது தடுமாறி, முடிந்தவுடன் சீராகிவிட்டால் சந்தேகமே வேண்டாம். ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு கேபிள் வாங்கி, ரிசீவரை அதன் முனையில் செருகி, மவுஸ் நகரும் இடத்துக்கு அருகே மேசைமேல் வையுங்கள். சில நூறு ரூபாயில் முடியும் வேலை. ஹார்டு டிஸ்க் இல்லாமலேயே தடுமாறுகிறது என்றால் பேட்டரியை மாற்றுங்கள். பளபளக்கும் கண்ணாடி மேசையாக இருந்தால் ஒரு மவுஸ் பேடு போடுங்கள். புளூடூத் மவுஸுக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான்.

பக்கவாட்டுப் பொத்தான்கள் விஷயத்தில் உங்கள் புகார் நியாயமானது. முந்தைய பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் போக அவற்றைப் பயன்படுத்துவது விண்டோஸ் பழக்கம். மேக்கின் இணைய உலாவியான சபாரியும், கோப்புகளைக் காட்டும் ஃபைண்டரும் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. ஆனாலும் ஒரு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்: சிஸ்டம் செட்டிங்ஸில் 'டெஸ்க்டாப் அண்ட் டாக்' பகுதியின் அடியில் 'ஷார்ட்கட்ஸ்' இருக்கிறது. திறந்திருக்கும் சாளரங்களை எல்லாம் ஒன்றாகக் காட்டும் மிஷன் கன்ட்ரோலுக்கு அங்கே நான்காம் பொத்தானை ஒதுக்கலாம்.

முன்பின் போவதுதான் வேண்டும் என்றால் ஒரு சிறு செயலி தேவைப்படும். நான் சொல்வது லீனியர்மவுஸ். இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. சக்கரத் திசையை மவுஸுக்கு மட்டும் தனியாக மாற்றுவது, ஓர் உருட்டலுக்கு எத்தனை வரி நகர வேண்டும் என்று நிர்ணயிப்பது எல்லாம் அதில் முடியும். நிறுவும்போது 'ஆக்சசிபிலிட்டி' அனுமதி கேட்கும். அது பெரிய அனுமதி; அதைப் பெற்ற செயலி உங்கள் சார்பில் கணினியையே இயக்க முடியும். எனவே தேடலில் முதலில் வரும் ஏதோ ஒரு பதிவிறக்கத் தளத்திலிருந்து எடுக்காமல், செயலியின் சொந்தப் பக்கத்திலிருந்தே எடுங்கள். இயங்குதளத்தைப் புதுப்பித்த பிறகு பொத்தான்கள் திடீரென்று வேலைநிறுத்தம் செய்தால், அந்த அனுமதிப் பட்டியலில் செயலியை நீக்கி மறுபடி சேர்த்துப் பாருங்கள். இதே வேலைக்கு இரண்டு செயலிகளை ஒன்றாக ஓட விட்டுவிட்டு, சக்கரம் கிறுக்குப் பிடித்து ஆடுகிறது என்று எழுதுபவர்களும் உண்டு. ஒன்று போதும்.

ரிசீவரைச் செருகியவுடன், 'இடது ஷிஃப்டுக்கு அடுத்த விசையை அழுத்துங்கள்' என்று ஒரு பெட்டி வந்திருக்கலாம். பல ரிசீவர்கள் கீபோர்டுக்கும் சேர்த்தே செய்யப்படுவதால், புதிய கீபோர்டு வந்திருப்பதாக மேக் நினைத்துக்கொள்கிறது. அதை மூடிவிட்டு வேலையைப் பாருங்கள்.

ஆப்பிளின் மேஜிக் மவுஸ் யாருக்கு? மேற்பரப்பில் விரலை இழுத்துப் பக்கங்களைத் தள்ளும் வசதியை விரும்புபவர்களுக்கு. சார்ஜ் செய்யும் துளை அதன் அடிவயிற்றில் இருக்கிறது. 2024இல் டைப்-சிக்கு மாற்றியபோதும் இடத்தை மாற்றவில்லை. சார்ஜ் ஏறும்வரை மவுஸைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். விரல் சைகைகள் அவ்வளவு பிடிக்கும் என்றால் அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து டிராக்பேடே வாங்கிவிடலாம் என்பது என் கருத்து. இல்லையென்றால் நீட்டிப்பு கேபிளோடு, விலை குறைந்த கம்பி மவுஸ் ஒன்றையும் அதற்கான டைப்-சி மாற்றியையும் வாங்கி மேசை இழுப்பறையில் போட்டு வையுங்கள். வயர்லெஸ் மவுஸ் என்றைக்காவது மக்கர் செய்தால், செட்டிங்ஸைத் திறந்து பார்க்கவே ஒரு மவுஸ் தேவைப்படும்.