கல்லில் ஒரு வருடம், பெரியவர்கள் வாயில் ஒரு வருடம்

வணக்கம் ஐயா. செபராங் பிறையில் உள்ள எங்கள் சிறிய ஆங்கிலிக்கன் கோயிலுக்கு வரலாற்று மலர் போடுகிறோம். கையில் இருப்பது குருவானவர்களின் பெயர்ப் பட்டியல் மட்டும்தான். கோயில் கல்லில் ஒரு வருடம் இருக்கிறது. பெரியவர்களோ அதற்கு முந்தைய வருடத்தைச் சொல்கிறார்கள். எதைப் போடுவது?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டுமே சரியாக இருக்கலாம். பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் செயின்ட் ஜார்ஜ் கோயிலையே பாருங்கள். 1818இல் கட்டி முடித்தார்கள். அந்த வருடம் ஜூன் 30 அன்று கவர்னர் பானர்மேனின் மகளுக்கு அங்கே கல்யாணமும் நடந்துவிட்டது. ஆனால் பிரதிஷ்டை 1819 மே 11 அன்றுதான். பிரதிஷ்டைக்குப் பிஷப் வேண்டும். பிஷப் மிடில்டன் இருந்ததோ கல்கத்தாவில். அவர் கப்பலேறி வரும்வரை ஜனங்கள் காத்திருக்கவில்லை.

அடிக்கல், முதல் ஆராதனை, பிரதிஷ்டை மூன்றும் வேறு வேறு நாட்கள். உங்கள் கல் எதைச் சொல்கிறது, பெரியவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று விசாரித்து, இரண்டையும் விளக்கத்தோடு போடுங்கள்.

எனக்குக் கவலை அந்தப் பட்டியலைப் பற்றித்தான். செயின்ட் ஜார்ஜ் என்றதும், 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலைத் தொடங்கிய ஹட்சிங்ஸ் குருவானவரைச் சொல்வார்கள். கட்டட வேலையைப் பார்த்த ராபர்ட் ஸ்மித்தைச் சொல்வார்கள். கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். நான் படித்த எந்த வரலாற்றிலும் அவர்களில் ஒருவர் பெயரைக்கூடப் பார்த்ததில்லை. முதலில் அந்தக் கோயிலுக்கு மதராஸ் பாணியில் தட்டைக் கூரைதான் போட்டிருந்தார்கள், நம் ஊர் மொட்டை மாடி மாதிரி. பினாங்கு மழைக்கு அது ஒத்துவரவில்லை; 1864இல் சரிவுக் கூரையாக மாற்றினார்கள். லெபோ ஃபார்குவாரில் அந்த வெள்ளைத் தூண்களைக் கடக்கும்போதெல்லாம் பெயரில்லாத அந்தக் கைகள்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

உங்கள் கோயிலுக்கு அந்தக் கதி வர வேண்டாம். ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய பதிவேடுகளைக் குருவானவரிடம் கேட்டு வாங்குங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பனாரின் தொழிலும் இருப்பிடமும் எழுதியிருக்கிறதா பாருங்கள். எத்தனை பேர் கிராணிகள் (எழுத்தர்கள்), எத்தனை பேர் ரயில்வேக்காரர்கள், எத்தனை பேர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் என்று எண்ணினாலே பாதி வரலாறு வந்துவிடும். விவாகப் பதிவேட்டில் கையெழுத்து எங்கே, கைநாட்டு எங்கே என்று பார்த்து, எந்த வருடத்திலிருந்து பெண்களும் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடக்கப் பதிவேட்டில் வயதைப் பாருங்கள். குழந்தைகளின் வரிசை நீளமாக இருந்தால் மனம் கனக்கும், ஆனாலும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம் சும்மா பேச்சுக் கொடுங்கள். தமிழ் ஆராதனை எத்தனை மணிக்கு நடந்தது? ஆங்கில ஆராதனை முடிந்த பிறகா? முன் பெஞ்சில் யார் உட்கார்ந்தார்கள்? உபதேசியார் எந்த ஊர்க்காரர்? திருநெல்வேலிப் பக்கம் எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கங்களின் சபைகளில் ஞானஸ்நானம் பெற்ற பிறகு கப்பலேறியவர்கள் உண்டு. அந்தக் குடும்பங்களில் பழைய ஜெபப் புத்தகம் கிடைத்தால் முதல் பக்கத்தைப் படம் எடுத்துவிடுங்கள். பிறப்பையும் இறப்பையும் அங்கேதான் எழுதி வைப்பார்கள்.

பதிவேட்டைத் திறக்கும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். ஃபெரி ஏறி வந்துவிடுகிறேன். பழைய கையெழுத்தைப் படிக்க இன்னொரு ஜோடிக் கண் உதவும்.

அன்புடன்.