கேள்வி நேரம்: பதினொன்றாவது ரிப்போர்ட்டும் கம்யூனிட்டி காலேஜும்

சென்ற இதழில் இரண்டு வருஷப் படிப்புக்கான கம்யூனிட்டி காலேஜ் பற்றி நாலு வரி எழுதியதற்கே இத்தனை கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை இங்கே கலிஃபோர்னியாவில் பதினொன்றாம் வகுப்பில் பிள்ளைகள் எழுதும் ஸ்டேட் டெஸ்ட்டைப் பற்றியவை. அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

அம்மா, எங்கள் மகன் பதினொன்றாவது முடித்திருக்கிறான். ஸ்டேட் டெஸ்ட் ரிப்போர்ட் வந்துவிட்டது. ஆங்கிலம் பரவாயில்லை. கணக்கில் 2590, எதிர்பார்க்கும் தரத்துக்குக் கொஞ்சம் கீழே என்று போட்டிருக்கிறது. கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் படித்துவிட்டு யூசிக்கு (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) மாறலாம் என்று இருக்கிறான். “இந்த மார்க்குக்குப் பழைய அல்ஜீப்ராவையே ஒரு வருஷம் படிக்க வைப்பார்கள்” என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். உண்மையா? — ஃப்ரீமாண்ட் வாசகி

இப்போது அப்படி இல்லை. ஆனால் சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் படித்த காலத்தில் அப்படித்தான் இருந்தது. கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர், பள்ளிப் பாடத்தையே மறுபடி சொல்லிக்கொடுக்கும் ஏதாவது ஒரு ரெமிடியல் வகுப்பில் உட்கார்ந்த காலம் அது. 2017-இல் ஏபி 705 என்று ஒரு சட்டம் வந்தது. பிள்ளைகள் ட்ரான்ஸ்ஃபர் லெவல் (பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது செல்லுபடியாகும்) ஆங்கிலத்தையும் கணக்கையும் ஒரு வருஷத்துக்குள் முடிக்க அதிக வாய்ப்பு உள்ள வழியில்தான் காலேஜ் அவர்களைச் சேர்க்க வேண்டும், அதற்கு ஹைஸ்கூல் மார்க்கைப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. 2019 இலையுதிர் பருவத்திலிருந்து எல்லாக் காலேஜ்களிலும் அதுதான் நடைமுறை. சட்டத்தை ஒட்டி வந்த பொது விதிப்படி ஜிபிஏ, அதாவது ஹைஸ்கூல் மார்க்கின் சராசரி, 2.6 இருந்தால் நேராகக் காலேஜ் ஆங்கிலம், 3.0 இருந்தால் நேராக ஸ்டாட்டிஸ்டிக்ஸ். அதற்குக் கீழே இருந்தாலும் அதே வகுப்புதான், கூடவே ஒரு துணை வகுப்பையும் எடுக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். உங்கள் மகனின் 2590-ஐ வைத்து யாரும் அவனைப் பின்னால் தள்ள முடியாது.

சரி, அப்படியென்றால் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். நான் போட்டவள், அதனால் சொல்கிறேன்.

இந்த ரிப்போர்ட் ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தது கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட்) பல்கலைக்கழகம். பதினொன்றாவது ஸ்டேட் டெஸ்ட்டோடு அப்போது கூடுதலாகச் சில கேள்விகளைச் சேர்த்து, பிள்ளை காலேஜ் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் தயாரா என்று ஒரு வருஷம் முன்னாலேயே சொல்லிவிடுவது, மிச்சமிருக்கும் பன்னிரண்டாவதில் குறையைச் சரிசெய்துகொள்ள வழி விடுவது, இதுதான் நோக்கம். 2008-இல் வந்த ஒரு சட்டத்தால் கம்யூனிட்டி காலேஜ்களும் இதில் சேர்ந்தன. 2010 கோடையில் என் மகளுக்கு அந்த ரிப்போர்ட் தபாலில் வந்தது. கணக்கில் ‘கண்டிஷனல்’. பன்னிரண்டாவதிலும் கணக்கு எடுத்துப் படித்தால்தான் தயார் என்று அர்த்தம். நான் சரியாகப் படிக்காமல் கரண்ட் பில்களோடு சேர்த்து மேசை டிராயரில் வைத்துவிட்டேன். அவள் பன்னிரண்டாவதில் கணக்கை விட்டுவிட்டாள். இந்த மாநிலத்தில் ஹைஸ்கூல் முடிக்க இரண்டு வருஷக் கணக்கு போதும் என்பதுதான் சட்டம், அதனால் பள்ளியிலும் யாரும் தடுக்கவில்லை.

அடுத்த வருஷம் ஆகஸ்டில், எந்த வகுப்பில் சேர்ப்பது என்று முடிவு பண்ணும் காலேஜின் பிளேஸ்மெண்ட் டெஸ்ட். ஜன்னல் இல்லாத ஒரு கம்ப்யூட்டர் அறை. நேரக் கட்டுப்பாடு கிடையாது, ஆனாலும் அம்மா வெளியே காரில் காத்திருக்கிறாளே என்று அவள் அவசரப்பட்டிருக்கிறாள். மூன்றில் இரண்டு பங்கு எக்ஸிலிருந்து ஐந்தைக் கழித்தால் ஏழு, எக்ஸ் எவ்வளவு என்று ஒரு கேள்வி. ஐந்தை அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பன்னிரண்டு ஆக்கியவள், அதை மூன்றில் இரண்டால் வகுக்காமல் பெருக்கி, எட்டு என்று போட்டுவிட்டு வந்தாள். காரில் ஏறி சீட் பெல்ட் போடும்போதே “அம்மா, அது பதினெட்டு” என்றாள். கையில் பிரிண்டரிலிருந்து வந்த ஒற்றைத் தாள் இருந்தது. எலிமெண்டரி அல்ஜீப்ரா, ட்ரான்ஸ்ஃபர் லெவலுக்கு இரண்டு படி கீழே. ப்ரீகால்குலஸ் வரை படித்த பெண், ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் போய் உட்கார்ந்தாள். முழுசாக ஒரு வருஷம் போனது, அதில் கிடைத்த யூனிட்டுகளை, அதாவது பாடக் க்ரெடிட்டுகளை, எந்தப் பல்கலைக்கழகமும் கணக்கில் எடுக்கவில்லை. அதைவிட, எனக்குக் கணக்கே வராது என்று அவள் நம்ப ஆரம்பித்தாள் பாருங்கள், அது சரியாக ரொம்ப நாள் ஆயிற்று.

அந்த டெஸ்ட் இன்று இல்லை, நல்லது. ஆனால் அதனாலேயே இந்தப் பதினொன்றாவது ரிப்போர்ட்டுக்கு முன்பைவிட மதிப்பு கூடிவிட்டது என்பேன். இப்போது உங்கள் மகனைக் காலேஜ் வாசலில் யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள். நேராக ட்ரான்ஸ்ஃபர் லெவல் வகுப்பில் உட்காருவான், தடுமாறினால் அங்கேதான் தடுமாறுவான், அங்கே வாங்கும் மார்க்கைத்தான் யூசி பார்க்கும். முன்கூட்டியே யாராவது எச்சரிக்கிறார்கள் என்றால் அது இந்த ஒரு தாள்தான்.

அதனால் மேலே இருக்கும் 2590-ஐ விட்டுவிட்டுக் கீழே பாருங்கள். கணக்கின் எந்தப் பகுதியில் எப்படி என்று தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். எதில் பின்தங்கியிருக்கிறான் என்பதைப் பன்னிரண்டாவது கணக்கு ஆசிரியரிடம் காட்டிப் பேசுங்கள். பன்னிரண்டாவதில் ஏதாவது ஒரு கணக்கு வகுப்பு கட்டாயம் இருக்கட்டும். என்ன படிக்கப் போகிறான் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். யூசிக்கு மாற ட்ரான்ஸ்ஃபர் லெவல் ஆங்கிலம் இரண்டும் கணக்கு ஒன்றும் வேண்டும். சைக்காலஜி, வரலாறு மாதிரி என்றால் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பெரும்பாலும் போதும். இன்ஜினியரிங் என்றால் கதை வேறு. 2022-இல் வந்த ஏபி 1705 சட்டத்துக்குப் பிறகு, அந்தப் பக்கம் போகும் பிள்ளைகளைக் கூடிய வரை நேராகக் கால்குலஸிலேயே சேர்க்கிறார்கள். ஒரு வருஷம் கணக்கைத் தொடாமல் இருந்துவிட்டுக் கால்குலஸ் வகுப்பில் போய் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆன்ட்டி, இது அம்மா உதவியோடு எழுதுகிறேன். பதினொன்றாவது ஸ்டேட் டெஸ்ட் ஜிபிஏவில் சேராது. பிளேஸ்மெண்டும் ஹைஸ்கூல் மார்க்கை வைத்துத்தான். அப்புறம் ஏன் சீரியஸாக எழுத வேண்டும்? என் ஃப்ரெண்ட்ஸ் பாதிப் பேர் சும்மா க்ளிக் பண்ணிவிட்டு வந்துவிடுகிறார்கள். — கூப்பர்டினோ மாணவன்

கண்ணா, நல்ல கேள்வி. நீ போடும் விடையைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் அடுத்த கேள்வியைக் கொடுக்கும். சரியாகப் போட்டால் கஷ்டமானது வரும், தப்பாகப் போட்டால் லேசானது. சும்மா க்ளிக் பண்ணினால் உனக்கு எதுவரை தெரியும் என்பதையே அது கண்டுபிடிக்காது. அப்புறம், ஆங்கிலத்தில் 2682, கணக்கில் 2718 எடுத்தால் காலேஜுக்குத் தயார் என்று பொருள், கால் ஸ்டேட்டும் அதைப் பார்க்கிறது. மெனக்கெட்டு எழுது, யாருக்காகவும் இல்லை, உன் பன்னிரண்டாவது டைம்டேபிளை நீயே முடிவு பண்ண அது உதவும்.

தகுதி பார்க்காமல் எல்லோரையும் ட்ரான்ஸ்ஃபர் லெவலில் விடுவது சரியா? நான் இந்தியாவில் நுழைவுத் தேர்வு எழுதி வந்தவன். ஒரு டெஸ்ட் வைத்தால் தெரிந்துவிடாதா? — சாக்ரமெண்டோ வாசகர்

நானும் உங்களைப் போல நினைத்தவள்தான் ஐயா. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். சோற்றுக்கு அது சரி. ஒரே பானை, ஒரே தீ, ஒரே அரிசி. பிள்ளைக்கு அது பொருந்தவில்லை.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் கம்யூனிட்டி காலேஜ்களுக்கென்றே ஒரு ஆய்வு மையம் இருக்கிறது. 2012-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், பிளேஸ்மெண்ட் டெஸ்ட் கணக்கில் ஏறக்குறைய நாலில் ஒருவரையும் ஆங்கிலத்தில் மூன்றில் ஒருவரையும் தவறான வகுப்பில் போட்டிருந்தது தெரிந்தது. ஏதோ கொஞ்சம் முன்னே பின்னே இல்லை, மோசமான தவறு. ஹைஸ்கூலின் நாலு வருஷ மார்க் அதைவிடச் சரியாகச் சொன்னது. யோசித்தால் புரிகிறது. மார்க்கில் வீட்டுப்பாடம் இருக்கிறது, காலையில் எழுந்து வகுப்புக்குப் போனது இருக்கிறது, ஒரு டெஸ்ட்டில் சொதப்பி அடுத்ததில் பிடித்தது இருக்கிறது. ஒரு மணி நேர டெஸ்ட்டில் இதெல்லாம் எங்கே இருக்கிறது?

நியூயார்க்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று கம்யூனிட்டி காலேஜ்களில், 2013-இல், ரெமிடியல் அல்ஜீப்ரா தேவை என்று சொல்லப்பட்ட 907 மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ரெமிடியல் அல்ஜீப்ரா மட்டும் படித்தவர்களில் 39 சதவீதம் தேறினார்கள். அதோடு வாரம் ஒரு பயிற்சி வகுப்பும் இருந்தவர்களில் 45. ரெமிடியலையே விட்டு நேராக ஸ்டாட்டிஸ்டிக்ஸில் போட்டுப் பயிற்சி வகுப்பும் கொடுத்தவர்களில் 56. கஷ்டமான வகுப்பில்தான் அதிகம் பேர் தேறினார்கள். இந்தக் கணக்கைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, என் மகள் தொலைத்த ஒரு வருஷம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மீதி 44 சதவீதம் பேர் தேறவில்லை அல்லவா? நேராகச் சேர்ப்பது மட்டும் போதாது, கூடவே அந்தப் பயிற்சி வகுப்பு இருக்க வேண்டும், பிள்ளை அதற்குப் போகவும் வேண்டும். டெஸ்ட்டே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பதினொன்றாவதில் வைத்தால் சரிசெய்ய ஒரு வருஷம் இருக்கிறது, காலேஜ் வாசலில் வைத்தால் தண்டனை மட்டும்தான் இருக்கிறது.

நாங்கள் ஹூஸ்டன் பக்கம். மகள் பத்தாவது. டூயல் க்ரெடிட் (ஹைஸ்கூலிலேயே காலேஜ் பாடம்) எடுக்க டிஎஸ்ஐ என்ற காலேஜ் தகுதி டெஸ்ட்டை எழுதச் சொல்கிறார்கள். கலிஃபோர்னியாவில் இல்லாதது இங்கே ஏன்? — டெக்சஸ் வாசகி

ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வழி. டெக்சஸில் டெஸ்ட் இன்னும் இருக்கிறது, 2021-இலிருந்து டிஎஸ்ஐஏ2 என்ற புது வடிவில். கணக்கில் 950 வேண்டும். ஆங்கிலத்தில் 945-உம் கட்டுரையில் 5-உம் வேண்டும். குறைந்தால் ஒரு டயக்னாஸ்டிக் பகுதி வரும், அதில் நன்றாகச் செய்தாலும் ஏற்றுக்கொள்வார்கள், அதனால் முதல் பகுதி சரியில்லை என்று அவள் மனம் விட்டுவிட வேண்டாம். டெஸ்ட்டுக்கு முன்னால் ‘ப்ரீ-அசெஸ்மெண்ட் ஆக்டிவிட்டி’ என்று ஒன்றைக் கட்டாயம் முடிக்க வேண்டும், மாதிரிக் கேள்விகள் அதில்தான் இருக்கும். பிள்ளைகள் அவசரமாக நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டிவிட்டுப் போகிறார்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்க்கச் சொல்லுங்கள். காலேஜ் அட்மிஷனுக்கான எஸ்ஏடி தேர்வில் போதுமான மார்க் இருந்தால் டிஎஸ்ஐ எழுத வேண்டாம். இன்னொன்று, 2013-இல் வந்த ஹெச்பி 5 சட்டப்படி, தயாராகாத பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாவதிலேயே காலேஜ் ப்ரெப் வகுப்புகளை உள்ளூர்க் காலேஜோடு சேர்ந்து பள்ளி நடத்த வேண்டும். உங்கள் பள்ளியில் அது இருக்கிறதா என்று கவுன்சலரைக் கேளுங்கள், அவர்களாகச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம்.

கோவையில் ப்ளஸ் டூ முடித்த மகளோடு சான் ஹோசே வந்திருக்கிறோம். இங்கே ஹைஸ்கூலே படிக்காதவளுக்கு எந்த டெஸ்ட்? — புதிதாக வந்த வாசகர்

டெஸ்ட் எதுவும் இருக்காது. இங்கே ஹைஸ்கூல் மார்க் இல்லாதவர்களுக்குக் ‘கைடட் ப்ளேஸ்மெண்ட்’ என்று ஒரு வழி இருக்கிறது. என்ன படித்தாய், எந்தப் பாடத்தில் தைரியம் என்று கேள்விகள் கேட்டு, வகுப்பைப் பரிந்துரைப்பார்கள். இங்கேதான் நம் பெண்கள் தவறு செய்கிறார்கள். அடக்கமாக இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் குறைத்துச் சொல்லிவிடுகிறார்கள். ப்ளஸ் டூவில் கால்குலஸ் படித்திருந்தால், படித்தேன் என்றே சொல்லட்டும். ஆங்கிலம் எழுதத் தயக்கம் இருந்தால், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான ஈஎஸ்எல் வகுப்புகள் வழியாகப் போகலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வழியில் வருகிறவர்களுக்குக் காலேஜ் ஆங்கிலத்தை முடிக்கச் சட்டம் மூன்று வருஷம் வரை கணக்கிடுகிறது.

மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம், ஆனால் இங்கே வந்து ஒரு வருஷம் ஆனால்தான் அந்தக் கணக்கில் வருவீர்கள், விசாவைப் பொறுத்தும் மாறும். அட்மிஷன் அலுவலகத்தில் முதலில் அதைக் கேளுங்கள். போகும்போது பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது மூன்று மார்க் ஷீட்டும், பாடத்திட்டத்தில் கால்குலஸ் இருக்கும் பக்கத்தின் ஒரு நகலும் கையில் இருக்கட்டும். கவுன்சலருக்கு நம் ஊர் ப்ளஸ் டூ என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம், ஆனால் அந்தப் பக்கத்தில் இருக்கும் இன்டெக்ரல் குறியைப் பார்த்ததும் புரிந்துகொள்வார்.