தூணோரம் எத்தனை ஸ்டிரப்? பீமின் வெட்டுத் தகைப்புக் கணக்கு

கேள்வி: வெள்ளவத்தையில் வீட்டுக்கு மேல்மாடி எழுப்புகிறோம். பீம் 225 × 450 மி.மீ., இரு தூண்களுக்கு இடையே 5 மீற்றர், அடியில் 20 மி.மீ. கம்பி மூன்று. வெட்டுத் தகைப்புக்கு (பீமைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசை, ஓரலகுப் பரப்புக்கு எவ்வளவு என்பதற்கு) மகனின் பாடப்புத்தகத்தில் ஒரு சூத்திரம், பொறியியலாளரின் தாளில் வேறொன்று. எது சரி? 6 மி.மீ. ஸ்டிரப்பை (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையத்தை) 300 மி.மீ.க்கு ஒன்றாகக் கட்டினால் போதும் என்கிறார் மேசன் பாஸ். போதுமா?

பதில்: போதாது. சூத்திரங்கள் இரண்டும் சரிதான், பொருள்தான் வேறு.

மரத்திலும் உருக்கிலும் வெட்டுத் தகைப்பு மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் பூச்சியம், நடு உயரத்தில் உச்சம். நீள்சதுர மரவளையில் அந்த உச்சம் சராசரியின் ஒன்றரை மடங்கு. மகனின் புத்தகம் சொல்வது இதைத்தான். கொங்கிறீட் பீமின் கீழ்ப்பகுதியோ சுமை ஏறியதும் வெடிப்பு விடும்; அந்தப் பரவல் அங்கே செல்லாது. அதனால், 2010 வரை பிரித்தானியாவில் நடைமுறையில் இருந்த கொங்கிறீட் விதிக்கோவையான பிஎஸ் 8110, வெட்டு விசையை அகலத்தாலும் பயனுறு ஆழத்தாலும் வகுத்து ஒரே எண்ணாக எடுக்கிறது.

உங்கள் தாளில் பாதுகாப்புக் காரணிகள் சேர்ந்த சுமை மீற்றருக்கு 40 கிலோநியூட்டன் என்று வைப்போம். தூணோரம் விசை 40 × 5 ÷ 2 = 100 கிலோநியூட்டன். பயனுறு ஆழம் என்பது மேல் விளிம்பிலிருந்து அடிக்கம்பியின் மையம்வரை: 450 − 25 கவர் (கம்பியை மூடும் கொங்கிறீட்) − 8 ஸ்டிரப் (கீழே தேர்ந்தெடுப்பது) − 10 (அடிக்கம்பியின் பாதி) = 407 மி.மீ. தகைப்பு 100000 ÷ (225 × 407) = ச.மி.மீ.க்கு 1.09 நியூட்டன். பலர் இங்கே 450ஐப் போட்டு 0.99 என்று எழுதி, குறைந்தபட்ச ஸ்டிரப்போடு நின்றுவிடுகிறார்கள்.

25 தரக் கொங்கிறீட்டும் (நசுக்கு வலிமை ச.மி.மீ.க்கு 25 நியூட்டன்) அந்த மூன்று கம்பியும் சேர்ந்து தாங்குவது ஏறத்தாழ 0.64. மீதி 0.45ஐ ஸ்டிரப்தான் சுமக்க வேண்டும். பாஸ் சொல்லும் 6 மி.மீ. மென்னுருக்கு, 300 இடைவெளியில் தருவது 0.18 மட்டுமே. அதே மென்னுருக்கில் 8 மி.மீ. எடுத்தால் கணக்கு 216 மி.மீ. இடைவெளியைத் தருகிறது, 200இல் கட்டுங்கள். நடுவில் விசை குறைந்தாலும், குறைந்தபட்ச விதி 243க்கு மேல் விடாது. எனவே முழு நீளத்துக்கும் 200. முதல் ஸ்டிரப் தூண் முகத்திலிருந்து 50 மி.மீ.க்குள் வரட்டும்.

பீம் அடுத்த அறைக்கும் தொடர்ந்தால் நடுத்தூணோரம் விசை, மொத்தச் சுமையின் பாதியான அந்த 100 கிலோநியூட்டனைத் தாண்டும். அப்போது இந்த எண்களை அப்படியே எடுக்காமல் பொறியியலாளரிடம் மீண்டும் போடச் சொல்லுங்கள்.

கொங்கிறீட் ஊற்றுமுன் ஸ்டிரப்பின் கொக்கியைக் கையால் தொட்டுப் பாருங்கள். முனை உள்நோக்கி, 135 பாகையில் வளைந்திருக்க வேண்டும். 90 பாகையில் விட்டால் கவர் கொங்கிறீட் பெயரும்போது அது விரிந்துவிடும். வெட்டில் உடையும் பீம் தொய்ந்து எச்சரிக்காது. தூணருகே சுமார் 45 பாகையில் சாய்ந்த வெடிப்பு ஓடும், பிறகு சட்டென்று முறியும். பாத்ரூம் குழாய்க்காக 110 மி.மீ. துளையைப் பலர் போடுவது சரியாக அந்த இடத்தில்தான். குழாயைப் பீமுக்கு அடியால் கொண்டுபோங்கள்.