கட்டுமானத் துறையில் மகளைச் சேர்க்கலாமா: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

நகரம் விரிந்துகொண்டே போகிறது, அதனால் கட்டடப் பொறியியல் படித்தவருக்கு வேலை நிச்சயம் என்று உறவினர் ஒருவர் சொன்னதாகவும், அதே துறையில் பத்தாண்டுகள் இருந்து வேலை இழந்த நண்பர் ஒருவர் "இந்தப் பக்கமே பிள்ளையை அனுப்பாதீர்கள்" என்று எச்சரித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இருவர் சொன்னதும் உண்மையே. ஒருவர் ஏறுமுகத்தைப் பார்த்தார், மற்றவர் இறங்குமுகத்தில் மாட்டிக்கொண்டார். தங்கள் மகள் இந்த வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருக்கப்போகிறவள் என்பதால், இரண்டையும் பலமுறை காண்பாள் என்றே கணக்கிட்டு முடிவெடுக்க வேண்டும்.

ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் இந்தத் தொழிலில் பணம் வரும் வழியில் இருக்கிறது. கட்டட நிறுவனம் நிலத்தை முதலில் வாங்குகிறது. அனுமதிகள் கிடைக்க மாதங்களோ ஆண்டுகளோ ஆகின்றன. அதுவரை கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. கட்டடம் முடியும் முன்பே வீடுகளை விற்று, அந்த முன்பணத்தில் அடுத்த தளத்தை எழுப்புகிறது. வட்டி விகிதம் உயர்ந்து வாங்குவோர் தயங்கினால், முதலில் நிற்பது புதிய திட்டங்கள். அவற்றோடு புதிய ஆட்களை எடுப்பதும் நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் 2006-இல் சுமார் 77 லட்சமாக இருந்த கட்டுமான வேலைகள், வீட்டுக்கடன் நெருக்கடிக்குப் பிறகு 2011-இன் தொடக்கத்தில் சுமார் 55 லட்சமாகக் குறைந்தன. சீனாவில் முன்பணத்தையும் கடனையும் நம்பி வளர்ந்த எவர்கிராண்ட் நிறுவனம் 2021-இல் தவணை தவறியது. 2024 ஜனவரியில் அதைக் கலைக்க ஹாங்காங் நீதிமன்றம் உத்தரவிட்டது. அச்சுறுத்துவதற்காக இவற்றை எழுதவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்துப் பட்டம் பெறப்போகும் ஒருத்திக்கு, இன்று சாலையோரம் தெரியும் கிரேன்களின் எண்ணிக்கை எதையும் உறுதி செய்யாது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, துறை வளருமா என்பதைவிட, துறை சுருங்கும்போதும் யாருடைய வேலை தேவைப்படுகிறது என்பதுதான். என் கணிப்பில், அளவும் செலவும் ஒப்பந்தமும் தெரிந்தவர், தரத்துக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடக்கூடியவர், பழைய கட்டடத்தின் நிலையை மதிப்பிடத் தெரிந்தவர் ஆகிய மூவகையினரும் கடைசி வரை தேவைப்படுகிறார்கள். நின்றுபோன திட்டத்திலும் முடிந்த வேலையை அளந்து கணக்கு முடிக்க ஒரு குவான்டிட்டி சர்வேயர் வேண்டும். புதிதாக எதுவும் கட்டாத நகரத்திலும் ஏற்கெனவே கட்டியவை பழசாகிக்கொண்டேதான் இருக்கும். புளோரிடாவின் சர்ப்சைடில் 1981-இல் கட்டிய 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி 2021 ஜூனில் சரிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல்குளத் தளத்தின் கீழே கான்கிரீட் பழுதுபட்டிருப்பதை 2018-இலேயே ஒரு பொறியாளரின் அறிக்கை சுட்டிக்காட்டியிருந்தது. இன்று விறுவிறுவென வளரும் ஒவ்வொரு நகரமும் முப்பது, நாற்பது ஆண்டுகளில் ஆய்வும் பழுதுபார்ப்பும் கேட்கும் நகரமாகிவிடும். அந்த வேலைக்குப் படிப்பவர்கள் இப்போது குறைவு. கண்ணைப் பறிக்கும் வேலை இல்லை என்பதால் மாணவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை.

இந்த மூன்றில் எதற்குப் போவதானாலும், படிப்பு முடிந்ததும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளைக் கட்டடம் எழும் இடமான சைட்டில் கழிக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாளைச் சொல்கிறேன். ஆலையில் கலந்த கான்கிரீட்டைக் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லாரி வந்ததும் சைட் இன்ஜினீயர் முதலில் பார்ப்பது அதன் சீட்டை. கலவை எத்தனை மணிக்குக் கலக்கப்பட்டது என்பது அதில் இருக்கும். பிறகு 300 மி.மீ. உயரக் கூம்பில் மூன்று அடுக்காகக் கலவையை நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்தி, கூம்பைத் தூக்கி, கலவையின் இளக்கத்தை அறிய அது எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பார். கியூப் அச்சுகளில் மாதிரி எடுத்து நீரில் வைத்து, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் உடைத்து வலிமையைப் பார்ப்பார்கள். 28-ஆம் நாள் முடிவு வரும்போது அந்தத் தளத்தின் மேல் இன்னொரு தளமே வந்திருக்கக்கூடும். அதனால்தான் கலவை விழுவதற்கு முன்பே கம்பியைப் பலகையில் படாமல் உயர்த்திவைக்கும் கவர் பிளாக் அதன் கீழே இருக்கிறதா, சென்ட்ரிங் முட்டு அசைகிறதா, லாரி ஓட்டுநரோ வேலையாளோ இளக்கத்துக்காகத் தண்ணீர் ஊற்றுகிறாரா என்று நின்று பார்க்கவும், தேவைப்பட்டால் லாரியைத் திருப்பி அனுப்பவும் ஒருவர் வேண்டியிருக்கிறது. அனுபவமிக்க மேஸ்திரியிடமும் அவசரப்படும் ஒப்பந்ததாரரிடமும் இருபத்து மூன்று வயதில் "நிறுத்துங்கள்" என்று சொல்லும் துணிவை எந்தக் கல்லூரியும் கற்றுத் தருவதில்லை.

கையெழுத்தின் கனத்தையும் தங்கள் மகள் இப்போதே அறிந்துகொள்வது நல்லது. 1981 ஜூலையில் கன்சாஸ் சிட்டி ஹயாத் ரீஜன்சி ஹோட்டலில் தொங்குநடைபாதைகள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். இரண்டு நடைபாதைகளையும் ஒரே நீளக் கம்பிகள் தாங்க வேண்டும் என்பது முதல் வடிவமைப்பு. வேலைக்கு எளிது என்று கம்பியை இரண்டாகப் பிரித்து, கீழ்நடைபாதையை மேல்நடைபாதையிலேயே தொங்கவிட்டதால், மேலே இருந்த நட்டின் மீது விழுந்த சுமை இருமடங்கானது. அந்த மாற்றம் வரைபடத்தில் இருந்தது. அது சரிபார்க்கப்படாமலே ஒப்புதல் பெற்றது. பொறுப்பான பொறியாளர்கள் உரிமத்தை இழந்தார்கள்.

பெண் பிள்ளைக்குச் சைட் வேலை ஒத்துவருமா என்ற தங்கள் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். இன்ஜினீயரின் வேலையில் உடல்பலம் கேட்பது மிகக் குறைவு. வெயிலும் நீண்ட நேரமும் எல்லோருக்கும் பொதுவானவை. உண்மையான சிக்கல் கழிப்பறை, தங்குமிடம், இரவுக் கான்கிரீட் முடிந்து வீடு திரும்பும் வண்டி ஆகியவற்றில்தான் இருக்கிறது. வேலைக்குச் சேரும் முன் நிறுவனத்திடம் கூச்சமின்றிக் கேட்டுப் பெற வேண்டியவை இவை. தெளிவான பதில் சொல்லாத நிறுவனத்தைத் தவிர்த்துவிடலாம். ஆனால், பெண் என்பதற்காகத் தொடக்கத்திலேயே அலுவலக மேசைக்கு அனுப்பிவிடுவதை நான் ஏற்பதில்லை. அப்படிப் போனவர்கள் பிறகு பதவி உயர்வின்போது "சைட் தெரியாதவர்" என்ற ஒரே காரணத்தால் தடுக்கப்படுவதைப் பார்த்துவருகிறேன்.

மென்பொருள் பயிற்சி பற்றிக் கேட்டிருந்தீர்கள். வரைபடத்துக்கான ஆட்டோகேட், கட்டட மாதிரிக்கான ரெவிட், திட்டக் கால அட்டவணைக்கான ப்ரிமவேரா மூன்றும் பயனுள்ளவை; படிக்கும் காலத்திலேயே ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். பெருந்தொகை கேட்டு வேலையும் வாங்கித் தருவதாகச் சொல்லும் குறுகிய காலப் பயிற்சிகளுக்கு மட்டும் பணம் கட்டாதீர்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தின் பளபளப்பை விட்டுவிட்டு, அதன் கான்கிரீட் ஆய்வகத்துக்குள் போய்ப் பாருங்கள். கியூப் உடைக்கும் இயந்திரத்தில் தூசி படிந்திருந்தால் அது வெறும் காட்சிக்குத்தான் இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

அவளுக்கு மனதில் இருப்பது கட்டுவதா, வடிவமைப்பதா, சொத்து மதிப்பீடும் விற்பனையுமா என்பது தங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. இவை மூன்றும் ஒரே நகரத்தில், ஒரே கட்டடத்தைச் சுற்றி நடந்தாலும் படிப்புகள் வேறு. வடிவமைப்பு என்றால் கட்டடக்கலை. அதற்குப் பெரும்பாலும் தனி நுழைவுத்தேர்வும் கூடுதல் ஆண்டுகளும் உண்டு. நிலமதிப்பு, முதலீடு, விற்பனை என்றால் வணிகவியலோ பொருளியலோ படித்துவிட்டுச் சொத்து மேலாண்மையில் மேற்படிப்புக்குப் போகலாம், பொறியியல் கட்டாயமில்லை.

விண்ணப்பிக்கும் முன்பு, தெரிந்த பொறியாளர் ஒருவரின் அனுமதியோடு, தலைக்கவசமும் பாதுகாப்புக் காலணியும் அணிந்து, ஒரு வாரம் அவள் சைட்டுக்குப் போய்வரட்டும். போகும்போது ஒரே ஒரு சூத்திரத்தைச் சொல்லி அனுப்புங்கள்: கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது கிடைக்கும். 12 மி.மீ. கம்பி என்றால் ஏறத்தாழ 0.89 கிலோ. அங்கே இறக்கிவைத்த கம்பிக் கட்டுகளை அவள் தானாகவே எண்ணி, எடைபோட்டு, சீட்டில் உள்ள எடையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தால் கட்டடப் பொறியியலை முதல் விருப்பமாக எழுதுங்கள். முகப்பு எப்படி வரப்போகிறது என்பதை மட்டுமே பேசினால் கட்டடக்கலை நுழைவுத்தேர்வின் கடைசித் தேதியை உடனே பாருங்கள். வீடு வாங்க வந்தவர்கள் என்ன கேட்டார்கள், எவ்வளவுக்குப் பேசினார்கள் என்று விசாரித்துவிட்டு வந்தால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். மேற்படிப்பு வழிகளைத் தனியாக அனுப்புகிறேன்.