பறக்கும் வாத்துக்கு எந்த லென்ஸ்?

கேள்வி: ஏபிஎஸ்-சி கேமராவும் (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் கொண்டது) 70-300 மி.மீ. ஜூம் லென்ஸும் வைத்திருக்கிறேன். நீரில் மிதக்கும் வாத்து நன்றாக வருகிறது. அதுவே பறந்தால் பத்தில் ஒரு படம்கூடத் தேறுவதில்லை. 150-600 வாங்குவதா, 100-400 போதுமா? இருக்கிற லென்ஸிலேயே டெலிகன்வெர்ட்டர் (லென்ஸின் எட்டத்தைக் கூட்டும் இடைத்துண்டு) மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: பணத்தை எடுக்கும் முன் தேறாத படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். பறவை மங்கலாகவும் பின்னாலிருக்கும் நாணல் தெளிவாகவும் இருந்தால் ஃபோகஸ் பறவையைத் தவறவிட்டிருக்கிறது. தலை தெளிவாக இருந்து சிறகு நுனி இழுத்திருந்தாலோ, மொத்தப் பறவையும் கோடாக இழுத்திருந்தாலோ ஷட்டர் வேகம் போதவில்லை. இரண்டுமே பெரும்பாலும் லென்ஸை மாற்றாமல் சரியாகிவிடும். நகரும் பொருளை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸை வையுங்கள், ஒற்றை ஃபோகஸ் புள்ளிக்குப் பதில் சிறு புள்ளித் தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். படம் தெளிவாக இருந்தும் பறவை கடுகளவு தெரிகிறது என்றால்தான் நீள லென்ஸுக்கு வேலை.

வாத்து மணிக்கு 70 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தொடும். அதாவது வினாடிக்குக் கிட்டத்தட்ட 20 மீட்டர். 1/500 வினாடியில் ஷட்டர் திறந்து மூடுவதற்குள் அது 4 செ.மீ. நகர்ந்திருக்கும், 1/2000-ல் 1 செ.மீ. கேமராவைப் பறவையோடு சேர்த்துத் திருப்பினால் உடலின் இழுப்பு குறையும், சிறகடிப்புக்கு அது உதவாது. அதனால் 1/2000-க்குக் கீழே இறங்காதீர்கள். வெளிச்சம் இருந்தால் 1/3200 வரை போங்கள். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவு) ஆட்டோவில் விட்டுவிடலாம். படத்தில் புள்ளி புள்ளியாக விழும் நாய்ஸைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், இழுத்த படத்தைத் தேற்றுவது கடினம்.

சரி, லென்ஸ். உங்கள் கேமராவில் 600 மி.மீ. வைத்தால், 30 மீட்டர் தூரத்தில் ஃபிரேமின் அகலம் ஏறக்குறைய 1.2 மீட்டர்தான். குறுக்கே போகும் வாத்து அதை ஒரு வினாடியின் பதினாறில் ஒரு பங்கில் கடந்துவிடும். வ்யூஃபைண்டரில் தேடிக்கொண்டிருக்கும்போதே பறவை போயிருக்கும். 400-ல் இந்த அகலம் ஏறக்குறைய 1.75 மீட்டர் கிடைக்கும். தவிர, ஏபிஎஸ்-சியில் 400 தரும் காட்சிக்கோணம் முழு ஃபிரேம் கேமராவில் 600 தருவதற்கு ஏறக்குறையச் சமம். உங்களுக்கு 100-400 என்றே சொல்வேன். 100-ல் பறவையைப் பிடித்து, கூடவே திரும்பிக்கொண்டே ஜூமை 400 பக்கம் கொண்டுபோங்கள். கிளுவையும் ஊசிவால் வாத்தும் நீரிலிருந்து சட்டென்று செங்குத்தாகக் கிளம்பும், அப்போது இந்த வசதி இல்லாமல் முடியாது. முக்குளித்து இரை தேடும் வாத்துகள் நீர்மேல் கொஞ்ச தூரம் ஓடித்தான் எழும், நமக்கு அவகாசம் தரும்.

பரந்த நீர்ப்பரப்பில் எட்டத்திலேயே நிற்கும் பறவைகள்தான் உங்களுக்கு வாய்க்கும் என்றால் 150-600 வாங்கலாம். எடையைப் பார்த்து வாங்குங்கள். சிக்மாவின் 150-600-ல் கன்டெம்பரரி வகை 1.9 கிலோ, ஸ்போர்ட்ஸ் வகை 2.9 கிலோ. கையில் பிடித்து வானத்தில் சுழற்றும்போது அந்த ஒரு கிலோ தோளில் நன்றாகவே தெரியும். வெயில் ஏறியபின் நீர்மேல் காற்று அலையடிக்கும், அப்போது எவ்வளவு நீள லென்ஸும் தெளிவு தராது. பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால் காற்று வரும் பக்கம் நில்லுங்கள். வாத்துகள் காற்றை எதிர்த்தே எழும், இறங்கும்; உங்களை நோக்கி வரும்.

டெலிகன்வெர்ட்டர் வேண்டாம். 70-300 லென்ஸ்கள் பலவற்றில் அது பொருந்தவே பொருந்தாது. பொருந்தினாலும் 1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சத்தைத் தின்று, லென்ஸ் துளையின் அளவான எஃப் 5.6-ஐ எஃப் 8 ஆக்கிவிடும். ஃபோகஸ் தடுமாறும், பழைய கேமராக்கள் சிலவற்றில் நின்றே போகும்.

கேள்வி: இதே லென்ஸை செகண்ட் ஹேண்டில் வாங்கினால் எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போன்ற பூஞ்சை இருந்தால் விட்டுவிடுங்கள். ஓரிரு தூசி பரவாயில்லை. உங்கள் கேமராவில் மாட்டி, கிட்டத்துப் பொருளுக்கும் தூரத்துக் கட்டடத்துக்கும் மாறி மாறிப் பலமுறை ஃபோகஸ் செய்யுங்கள். வேகம் குறைந்தாலோ மோட்டார் கரகரத்தாலோ பறக்கும் பறவைக்கு அது ஆகாது. கிட்டத்துத் தூரத்தை ஃபோகஸ் தேடாமல் தடுக்கும் சுவிட்ச், நடுக்கம் தடுக்கும் அமைப்பில் பக்கவாட்டில் திருப்புவதற்கான நிலை, இவை இரண்டும் லென்ஸில் இருந்தால் இயங்குகின்றனவா என்று பாருங்கள். அப்புறம் வெளியே போய்க் காக்கையோ புறாவோ பறக்கும்போது எடுத்துப் பாருங்கள். அதற்கு அனுமதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.