கடலே தெரியாத இடத்துக்கு ஏன் "கடற்கரை" ஸ்டேஷன் என்று பெயர்?

சென்னை கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி மெரினாவைத் தேடுபவர்கள் நிறைய பேர், அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: மெரினாவுக்குப் போக வேண்டுமென்றால் அங்கிருந்து வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலில் ஏறி சேப்பாக்கத்திலோ திருவல்லிக்கேணியிலோ இறங்குங்கள்.

சரி, பெயருக்கு வருவோம். ஸ்டேஷன் எதிரே இருக்கும் ராஜாஜி சாலைக்கு ஒரு காலத்தில் ஃபர்ஸ்ட் லைன் பீச் என்றுதான் பெயர், ஏனென்றால் கடல் அந்தச் சாலை வரைக்கும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்ட ஆரம்பித்த பிறகு மணல் சேர்ந்து கடல் விலகிப் போய்விட்டது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

இந்த ஸ்டேஷனுக்கு இன்னும் பெரிய பெருமை உண்டு. 1931 மே மாதம் தென்னிந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது இங்கிருந்து தாம்பரத்துக்குத்தான், அதுவும் மீட்டர் கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகலமுள்ள குறுகிய தண்டவாளத்தில். அந்த மீட்டர் கேஜ் வண்டிகள் 2004 வரை ஓடின! பறக்கும் ரயில் 1995இல் வந்தது, முதலில் சேப்பாக்கம் வரைக்கும்தான், 2007இல் வேளச்சேரியைத் தொட்டது.

இப்போது தாம்பரம், செங்கல்பட்டு, திருமால்பூர், ராயபுரம் வழியாக அரக்கோணம் என்று எல்லாப் பக்கமும் வண்டி கிடைக்கிறது. அப்புறம், வேலூர் வரை போய்க்கொண்டிருந்த மெமு (பக்கத்து ஊர்களை இணைக்கும் மின்சார) ரயிலை 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள், கிரிவலம் போகிறவர்களுக்கு அது உண்மையிலேயே பெரிய உதவி.